வாழையடி வாழை: எதற்கெல்லாம் சொல்லலாம்?

அச்சுமை (பாளையங்கோட்டை)

எல்லோருக்கும் வணக்கம். ஒரு சொல் பற்றி உங்களிடம் கேட்க வேண்டும். கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் அச்சகத்தில் தமிழ் தட்டச்சு செய்கிறவன். கல்யாணப் பத்திரிகை, காதுகுத்து, கோயில் கொடை நோட்டீஸ், கடை திறப்பு, கண்ணீர் அஞ்சலி என்று காலையிலிருந்து ராத்திரி வரை தமிழ்தான். 'வாழையடி வாழை' வாரத்துக்கு நாலு தடவையாவது என் விரலில் வரும். இவ்வளவு நாளும் யோசிக்காமலே அடித்துக்கொண்டிருந்தேன்.

போன வாரம் ஒரு ஜவுளிக்கடைக்காரர் வந்தார். கடைக்கு 50 வருஷம் ஆகிறது, அதற்கு அழைப்பிதழ். அவர் எழுதிக்கொண்டு வந்த தாளில் முதல் வரி இது: "50 ஆண்டுகளாக வாழையடி வாழையாக ஒரே நிர்வாகத்தின் கீழ் இயங்கிவரும்". இருபத்து மூன்று வயதில் கடையைத் தொடங்கியவர் அவரேதான். இன்றைக்கும் கல்லாவில் அவர்தான் இருக்கிறார். எனக்கு என்னவோ இடித்தது. அந்தச் சொல்லை எடுத்துவிட்டு 'தொடர்ந்து' என்று போட்டு புரூஃப் கொடுத்தேன். அவருக்கு வருத்தமாகிவிட்டது. "ரெண்டுக்கும் அர்த்தம் ஒண்ணுதான தம்பி, முடிவில்லாம போய்க்கிட்டே இருக்கது. நல்ல வார்த்தைய எதுக்கு எடுத்திய?" என்று கேட்டார். எனக்குப் பதில் சொல்லத் தெரியவில்லை. தப்பு என்று மனசுக்குத் தெரிகிறது, ஏன் தப்பு என்று வாய்க்கு வரவில்லை.

மறுநாளே ஒரு கொடை நோட்டீஸ் வந்தது. "வாழையடி வாழையாகப் பொழியும் அம்மனின் அருள் மழை". மழை எப்படி வாழையடி வாழையாகப் பொழியும்?

முடிவில்லாமல் தொடர்கிற எல்லாவற்றுக்கும் இந்தச் சொல் பொருந்துமா? பொருந்தாது என்றால் கடைக்காரரிடம் நான் என்ன சொல்லட்டும்? சனிக்கிழமை அச்சுக்குப் போக வேண்டும்.


குறுக்குத்துறை (நெல்லை)

நீங்கள் மாற்றியது சரி என்றுதான் எனக்கும் படுகிறது. வெறுமனே நீண்டுகொண்டே போவதைச் சொல்ல நம் பேச்சில் வேறு சொற்கள் இருக்கின்றன. ஒன்று அனுமார் வால். இன்னொன்று கன்னித்தீவு. தினத்தந்தியில் 1960இல் தொடங்கிய படக்கதை அது. எங்கள் வீட்டில் தாத்தா படித்தார், அப்பா படித்தார், நானும் எழுத்துக் கூட்டி வாசிக்கப் பழகியது அதில்தான். யாராவது சொன்னதையே சொல்லி இழுத்தால் "கன்னித்தீவு மாதிரில்லா போகுது" என்பார் அப்பா. அந்தப் பத்திரிகையைத் தொடங்கிய ஆதித்தனார் திருச்செந்தூருக்குப் பக்கத்துக் காயாமொழிக்காரர். அதனால் இதை நம்ம பக்கத்துச் சொல் என்றே நான் உரிமை கொண்டாடுவேன்.

ஆனால் இந்த இரண்டிலும் ஒரே வால், ஒரே கதை. வாழை அப்படி இல்லை அல்லவா? அதைத் தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


தமிழ் டீச்சர் (சேரன்மகாதேவி)

அச்சுமைத் தம்பி, உங்களுக்கு இடித்தது சரியான இடத்தில்தான் இடித்திருக்கிறது.

முடிவில்லாததைச் சொல்ல நம்மிடம் இருக்கிற சொற்களை ஒரு தாளில் எழுதிப் பாருங்கள். ஓயாத அலை. தீராத நோய். வற்றாத ஆறு. இடையறாத அன்பு. அணையா விளக்கு. ஆழ்வார்திருநகரிக் கோயிலில் நிற்கிற புளியமரத்துக்கே உறங்காப்புளி என்றுதான் பெயர். எல்லாமே எதிர்மறை. ஓய்வது, தீர்வது, வற்றுவது, அணைவது என்று ஒரு முடிவை முதலில் சொல்லி, அது இங்கே நடக்கவில்லை என்று மறுக்கிறோம். இலக்கணத்தில் எதிர்மறைப் பெயரெச்சம் என்போம். 'அணையா', 'உறங்கா' என்று கடைசி எழுத்து போய்விட்டால் ஈறுகெட்ட எதிர்மறைப் பெயரெச்சம். பள்ளிக்கூடத்தில் எல்லோரும் மனப்பாடம் செய்ததுதான்.

இவற்றில் ஒன்று நிற்கிற இடத்தில் இன்னொன்று நிற்காது. வற்றுவது தண்ணீர். அதனால் 'வற்றாத' என்பது ஆற்றுக்கு வரும், கருணைக்கு வரும். தாமிரபரணிக்கு அது சும்மா ஒட்டிய சொல் இல்லை. பொதிகை மலையில் தென்மேற்குப் பருவமழையும் விழுகிறது, வடகிழக்குப் பருவமழையும் விழுகிறது. அதை நம்பித்தான் கார், பிசானம் என்று இரண்டு போகம் நெல் விளைகிறது. 'ஓயாமல்' என்பதில் கேட்பவருக்கு அலுப்பும் சேர்ந்து வரும். ஓயாமல் அழுகிற பிள்ளை, ஓயாமல் பெய்கிற அடைமழை. 'ஓயாமல் வாழ்க' என்று யாரும் வாழ்த்த மாட்டார்கள். 'தீராத' கொஞ்சம் விசித்திரமான சொல். நோய்க்கும் வரும், பகைக்கும் வரும், கண்ணன் விளையாட்டுக்கும் வரும்.

இப்போது உங்கள் சொல்லுக்கு வாருங்கள். 'வாழையடி வாழை'யில் எதிர்மறையே இல்லை. முடியவில்லை என்று அது சொல்லவே இல்லை. ஒரு வாழை, அதன் அடியில் இன்னொரு வாழை. 'அடி' என்பதைப் பிள்ளைகள் காலடி என்றோ அளவு என்றோ நினைத்துக்கொள்வார்கள். திருநெல்வேலி டவுனில் வாகையடி முக்கு இருக்கிறதே, அந்த அடிதான் இது. வாகைமரத்தடி, புளியமரத்தடி, வாழையடி.

அடியில் இன்னொன்று வருகிறது என்றால் முன்னது போகப் போகிறது என்று பொருள். அந்தப் போக்கும் சொல்லுக்குள்ளேயே இருக்கிறது. ஒருவரே 50 வருஷம் கல்லாவில் இருப்பதற்கு அது பொருந்தாமல் போவது இதனால்தான் என்று நினைக்கிறேன். வாழை போடுகிறவர்கள் யாராவது இருந்தால் நான் சொன்னது செடிக்குச் சரியா என்று பார்த்துச் சொல்லுங்கள்.


ஏரல்காரன்

வணக்கம் டீச்சர். நான் ஏரல் பக்கம் வாழை போடுகிறவன். நீங்கள் கேட்டதால் எழுதுகிறேன்.

ஒரு வாழை ஒரே தடவைதான் குலை தள்ளும். அதோடு அதன் கணக்கு முடிந்தது. மண்ணுக்கு மேலே மரம் மாதிரித் தெரிவது வெறும் இலைமட்டை, ஒன்றை ஒன்று சுற்றி அடுக்கியது. குலை தள்ளும்போதுதான் நடுவில் தண்டு ஏறி வரும். மற்றபடி உயிர் முழுக்க மண்ணுக்குள் இருக்கிற கிழங்கில். அந்தக் கிழங்கின் கண்ணிலிருந்துதான் பக்கக்கன்று முளைக்கும்.

கன்றில் இரண்டு சாதி. ஒன்று ஈட்டிக்கன்று. இலை ஒடுங்கி வாள் மாதிரி இருக்கும், அடி பருத்திருக்கும், தாய்க்கிழங்கை நன்றாகப் பிடித்திருக்கும். இன்னொன்று நீர்க்கன்று. சின்னதிலேயே இலை அகலமாக விரிந்து, பார்க்கச் செழிப்பாக இருக்கும். ஆனால் கிழங்கோடு பிடிப்பு கிடையாது, தார் உருப்படியாக வராது. புதிதாக வாழை போடுகிறவர்கள் அந்தச் செழிப்பைப் பார்த்து ஏமாந்துபோவார்கள். நடுவதற்கு ஒன்றரைக் கிலோவிலிருந்து இரண்டு கிலோ வரை கிழங்கு எடையுள்ள ஈட்டிக்கன்றுதான் எடுப்போம்.

குலை தள்ளுகிற வரைக்கும் வருகிற கன்றையெல்லாம் மாசம் ஒரு தடவை அறுத்துவிடுவோம். விட்டால் தாயின் சத்தை இழுத்துக்கொள்ளும். குலை தள்ளின பிறகு ஒரே ஒரு கன்றை விடுவோம். அதுதான் மறுதாம்பு. எதை விடுவது என்று என் அப்பா நின்ற இடத்திலிருந்து சொல்ல மாட்டார். குனிந்து, கையால் மண்ணை விலக்கி, கன்றின் அடியைப் பெருவிரலால் அழுத்திப் பார்த்துவிட்டுத்தான் "இது நிக்கட்டும்" என்பார்.

டீச்சர் சொன்னதில் ஒன்றைச் சேர்க்க வேண்டும். தார் வெட்டினதும் தாயை உடனே அடியோடு சாய்க்க மாட்டோம். இலையைக் கழித்துவிட்டு மொட்டை மரத்தை நெஞ்சு உயரத்துக்கு நிறுத்தி வைப்போம். அதில் மிச்சம் இருக்கிற தண்ணீரும் சத்தும் கிழங்கு வழியாகக் கன்றுக்கு இறங்கும். பத்து நாள் கழித்துக் கையை வைத்தால் மேல்மட்டை தளர்ந்திருக்கும். ஒரு மாசத்தில் பழுப்பேறிச் சுருங்கி, தட்டினால் உள்ளே ஒன்றும் இல்லாத சத்தம் கேட்கும். பக்கத்தில் கன்று இடுப்பு உயரத்துக்கு வந்து புது இலை சுருட்டிக்கொண்டு நிற்கும். தாய் போவதும் பிள்ளை வளர்வதும் தனித்தனி வேலை இல்லை, ஒரே வேலை. எனக்கு அந்தச் சொல்லைக் கேட்டால் இந்த மொட்டை மரம்தான் கண்ணில் நிற்கும்.

ஆனால் வயல் வாழை உண்மையில் முடிவில்லாமல் போவதில்லை. கன்று தாய் நின்ற இடத்திலேயே வராது, ஒரு சாண் தள்ளி வரும். அடுத்தது இன்னும் தள்ளி வரும். கிழங்கும் மேலே ஏறி ஏறி வரும், மண் அணைத்துக்கொண்டே இருக்க வேண்டும். காற்றடித்தால் சாயும். மறுதாம்பு ஒன்று, மிஞ்சிப்போனால் இரண்டு. அதற்குமேல் தார் சிறுத்துவிடும், கிழங்கில் கூன்வண்டு விழும். தோண்டிப் போட்டுவிட்டு நெல் வைப்போம். அதனால் இந்தச் சொல் வயலைப் பார்த்துப் பிறந்திருக்காது, புறவாசலைப் பார்த்துப் பிறந்திருக்கும் என்பது என் எண்ணம். துணி துவைக்கிற கல்லுக்கும் பாத்திரம் கழுவுகிற இடத்துக்கும் பக்கத்தில் ஒரு தூர் நிற்குமே, அதை யாரும் கணக்குப் பார்த்துத் தோண்டுவதில்லை. எங்கள் வீட்டுத் தூர் என் ஆச்சி கல்யாணமாகி வந்தபோதே அங்கே இருந்ததாம்.

2023 டிசம்பர் வெள்ளத்தில் எனக்கு வயலில் நின்ற வாழை முழுக்கப் போய்விட்டது. ஏத்தன் ரக வாழை, தார் வெட்ட ரெண்டு மாசம் இருந்தது. வீட்டுக்குள்ளும் தண்ணீர். வடிந்த பிறகு பார்த்தால் புறவாசலில் துவைக்கிற கல்லே தெரியவில்லை, அந்த அளவுக்கு மண். தூரும் அழுகிவிட்டது என்றுதான் நினைத்தேன். நாற்பது நாள் கழித்து என் மகள்தான் பார்த்தாள். மண்ணைப் பிளந்துகொண்டு சுருட்டின பச்சைக் குருத்து ஒன்று, பென்சில் கனத்தில். அன்றைக்கு வீட்டில் எல்லோரும் அதைச் சுற்றி நின்றோம். அதற்குமேல் அதைப் பற்றி எழுத எனக்குத் தெரியவில்லை.


களக்காட்டான் (துபாய்)

ஏரல் அண்ணாச்சி, படித்துவிட்டு ஐந்து நிமிஷம் அப்படியே உட்கார்ந்திருந்தேன். எங்கள் ஆச்சி வீட்டுப் புறவாசலில் ஒரு கோழிக்கூடு வாழைத் தூர் இருந்தது. சுற்றுச்சுவர் கட்டும்போது வேலையாட்கள் தோண்டிப் போட்டுவிட்டார்கள். நான் ஊரில் இல்லை.


குமாஸ்தா (நெல்லை)

நான் வக்கீல் ஆபீஸில் இருக்கிறேன். எங்கள் பக்கம் இந்தச் சொல் வேறு விதமாகப் புழங்குகிறது. டீச்சர் கோபப்படாமல் கேட்க வேண்டும்.

எங்கள் சொந்தக் குடும்பத்திலேயே ஒரு பாகப்பிரிவினை வழக்கு இருக்கிறது. தாத்தா போட்டது. கட்டைப் பிரித்தால் முதல் பக்கத்தில் வாதி என்று தாத்தா பெயர், அதன் பக்கத்தில் 'இறந்துவிட்டார்'. அதன் கீழே 2 முதல் 5 வரை வாதிகள், 'இறந்துபோன 1ஆம் வாதியின் வாரிசுகள்'. அதில் 3ஆம் வாதி என் அப்பா. அவர் பெயருக்குப் பக்கத்திலும் இப்போது அதே சொல் வந்துவிட்டது. அடுத்து நானும் என் தங்கையும். பிரதிவாதிப் பக்கமும் இப்படித்தான். "உங்க வழக்கு வாழையடி வாழையா வருதே" என்று ஆபீஸில் சொல்வார்கள்.

சட்டப்படி பார்த்தால் இது மிகச் சரியான சொல் என்றே நினைக்கிறேன். கட்சிக்காரர் இறந்தால் வழக்கு தானாகத் தொடராது. 90 நாளுக்குள் வாரிசுகளைச் சேர்க்க மனுப் போட வேண்டும். போடாவிட்டால் இறந்தவரைப் பொறுத்த மட்டில் வழக்கு அற்றுப்போகும். அப்பா இறந்து பதினாறு கழிந்த மறுவாரம் நானே உட்கார்ந்து அந்த மனுவைத் தட்டச்சு செய்தேன். தாய் போகிறது, அடியிலிருந்து கன்று எழுகிறது. இதற்குத் 'தீராத வழக்கு' என்றால் போதுமா? தீராத வழக்கு ஒரே ஆள் ஆயுசு முழுக்க நடத்துவதும்தான்.


தமிழ் டீச்சர் (சேரன்மகாதேவி)

கோபம் ஒன்றும் இல்லை தம்பி. அப்பாவை இழந்த வாரத்தில் அந்த மனுவை நீங்களே அடித்தீர்கள் என்பதைப் படிக்கும்போது மனசு கனத்துவிட்டது.

நீங்கள் சொல்வது அமைப்பில் சரி. ஒன்று போய் அதன் அடியிலிருந்து ஒன்று வருவது அங்கேயும் இருக்கிறது. ஆனால் இது மங்கலத்தோடு வளர்ந்த சொல். கல்யாணப் பந்தல் முகப்பில் வாழையைக் குலையோடும் பூவோடும் முழுசாகக் கட்டுகிறோம், அந்தப் பந்தலுக்குக் கீழேதான் இந்தச் சொல்லையும் சொல்கிறோம். அதை வழக்குக்குச் சொன்னால் கேட்கிறவருக்கு நெருடும். அந்த நெருடலை வேண்டுமென்றே உண்டாக்கத்தான் உங்கள் ஆபீஸில் சொல்கிறார்கள் என்றால் சரி, அது பேச்சின் உரிமை. அழைப்பிதழில் அது செல்லாது.


கல்லெழுத்து (அம்பாசமுத்திரம்)

டீச்சர் எதிர்மறை பற்றிச் சொன்னதைப் படித்ததிலிருந்து ஒன்று மனசில் ஓடுகிறது. வாழை மாதிரித் தொடர்வதையும் நம் முன்னோர் எதிர்மறையிலேயே சொல்லியிருக்கிறார்கள்.

ஞாயிற்றுக்கிழமைகளில் கோயில் கல்வெட்டுகளைப் படிக்கப் போவேன். அதில் அடிக்கடி வருகிற ஒரு தொடர் 'சாவா மூவாப் பேராடு'. கோயிலில் ஒரு நந்தா விளக்கு இரவும் பகலும் எரிய வேண்டும். அதற்கு ஒருவர் ஆடுகளைக் கொடுப்பார், தொண்ணூறு, தொண்ணூற்றாறு என்று. இடையர் அவற்றை வாங்கிக்கொண்டு நாள்தோறும் உழக்கு நெய் அளக்க வேண்டும். ஆடு சாகும்தானே? கிழடாகும்தானே? ஆனால் கல்லில் அவை சாவாதவை, மூப்படையாதவை. செத்த ஆட்டின் இடத்தைப் பிறந்த குட்டியால் நிரப்பி, எண்ணிக்கை குறையாமல் வைத்திருப்பது இடையரின் பொறுப்பு. ஆடு சாகும், தொண்ணூறு சாகாது.

பணத்துக்கும் இதே வழிதான். திருச்செந்தூர்க் கோயிலுக்கு வரகுண பாண்டியன் 1400 காசு கொடுத்ததைச் சொல்லும் 9ஆம் நூற்றாண்டுக் கல்வெட்டில் அந்தக் காசை ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்திருக்கிறது. முதல் கெடக் கூடாது, அதிலிருந்து வரும் பொலியை, அதாவது வட்டியை, மட்டும் ஊரார் அளக்க வேண்டும். எவ்வளவு காலத்துக்கு? இப்படிப்பட்ட கொடைகளுக்குக் கல்வெட்டுகள் சொல்லும் கெடு 'சந்திராதித்தவல்', நிலவும் சூரியனும் உள்ள வரை.

டீச்சரிடம் ஒரு கேள்வி. சாவா, மூவா, நந்தா எல்லாம் நீங்கள் சொன்ன அதே பெயரெச்சம். ஆனால் உள்ளே நடப்பது வாழை வேலை. அப்படியென்றால் எதிர்மறைச் சொல் வேறு, வாழைச் சொல் வேறு என்று பிரிக்க முடியுமா?


தமிழ் டீச்சர் (சேரன்மகாதேவி)

நல்ல கேள்வி. ராத்திரி முழுக்க யோசித்தேன். நான் முதலில் எழுதியதைக் கொஞ்சம் திருத்திக்கொள்கிறேன். கல்வெட்டு கோயிலின் பக்கம் நின்று பேசுகிறது. கோயிலுக்கு வேண்டியது எண்ணிக்கை, நெய், விளக்கு. எந்த ஆடு செத்தது, எந்தக் குட்டி பிறந்தது என்பது அதற்குத் தேவையில்லை. அங்கிருந்து பார்த்தால் சாவு கண்ணுக்குத் தெரியாது, 'சாவா' என்று எழுதிவிடலாம். இடையர் பட்டியில் நின்று பேசினால் வேறு சொல் வந்திருக்கும். வாழையடி வாழை பட்டியில் நின்று பேசுகிற சொல், அதாவது ஏரல்காரர் குனிந்து மண்ணை விலக்குகிற இடத்தில் நின்று. இரண்டு சொல்லும் ஒரே காரியத்தைச் சொல்லலாம், நிற்கிற இடம்தான் வேறு.

இன்னொன்றையும் எழுத வேண்டும் என்று மூன்று நாளாக நினைத்து நினைத்து விட்டுவிட்டேன். எனக்குப் பிள்ளைகள் இல்லை. சொந்தக்காரர் வீட்டுக் கல்யாணங்களில் பெரியவர்கள் மணமக்களை "வாழையடி வாழையா வாழணும்" என்று வாழ்த்தும்போது நான் கொஞ்சம் பின்னால் நகர்ந்து நின்றுகொள்வேன். அந்தச் சொல் எனக்கு உரியது இல்லை என்று முப்பது வருஷம் நினைத்திருந்தேன். அட்சதை போட்டுவிட்டுப் பேசாமல் வந்துவிடுவேன்.

ஒருநாள் வகுப்பில் வள்ளலார் பாட்டு ஒன்றை நடத்திக்கொண்டிருந்தேன். "வாழையடி வாழையென வந்ததிருக் கூட்ட மரபினில்யான் ஒருவன் அன்றோ" என்ற வரி. எத்தனையோ தடவை நடத்திய பாட்டுத்தான். அன்றைக்குத்தான் உறைத்தது, அவர் சொல்வது திருக்கூட்டம், அடியார் கூட்டம். அப்பன், மகன், பேரன் என்ற வரிசை இல்லை அது. ஒருவர் வாயிலிருந்து இன்னொருவர் காதுக்கு, ஒருவர் மனசிலிருந்து இன்னொருவர் மனசுக்கு வந்த வரிசை. அதில் நானும் ஒருவன் இல்லையா என்று கேட்கிறார். கரும்பலகைப் பக்கம் திரும்பி நின்று கண்ணைத் துடைத்துக்கொண்டேன். என்னிடம் படித்து இன்றைக்குத் தமிழ் டீச்சராக இருக்கிறவர்கள் மூன்று பேர். இப்போது கல்யாணங்களில் நான் முன்வரிசையில்தான் நிற்கிறேன்.

அச்சுமைத் தம்பி, அதனால்தான் சொல்கிறேன், அந்தச் சொல்லை வம்சம் என்று மட்டும் சுருக்கிவிடாதீர்கள். கை மாறுகிற எதற்கும் அது வரும். கொத்தனாரிடமிருந்து சித்தாளுக்கு, நாதசுர வித்வானிடமிருந்து சீடனுக்கு. கை மாறாமல் ஒரே கையில் இருக்கிற ஒன்றுக்குத்தான் வராது.


திருநகரி

நானும் ஒன்று சேர்க்கிறேன். எங்கள் ஊர் நம்மாழ்வாரின் திருவாய்மொழி 1102 பாட்டும் அந்தாதி. ஒரு பாட்டு எங்கே முடிகிறதோ அங்கிருந்து அடுத்தது தொடங்கும். அந்தம், ஆதி இரண்டும் சேர்ந்ததுதான் அந்தாதி. கடைசிப் பாட்டு 'உயர்ந்தே' என்று முடிகிறது. முதல் பாட்டு 'உயர்வற' என்று தொடங்குகிறது. கோயிலில் சேவித்து முடித்தால் மறுபடி முதலுக்கே வந்து நிற்போம். வாழை திரும்பி வராது, தள்ளித் தள்ளிப் போகும் என்று ஏரல் அண்ணாச்சி எழுதியிருக்கிறார். அது ஒரு மாதிரித் தொடர்ச்சி, இது ஒரு மாதிரி. கடைக்காரருக்கு இது உதவாது என்று தெரியும், இருந்தாலும் சொல்லத் தோன்றியது.


குறுக்குத்துறை (நெல்லை)

"ஆல்போல் தழைத்து அருகுபோல் வேரூன்றி" என்று வாழ்த்துகிறோமே, அதற்கும் இதற்கும் உள்ள வித்தியாசம் இப்போதுதான் தெரிகிறது. ஆலமரம் தானும் நின்றுகொண்டு விழுதும் விடும். தாயும் இருக்கும், பிள்ளைகளும் இருக்கும். 50 வருஷம் ஒருவரே நடத்தி, மகன், மருமகன் எல்லாம் கூட நிற்கிற கடை என்றால் ஆல் பொருந்துமே?


அச்சுமை (பாளையங்கோட்டை)

எல்லோருக்கும் நன்றி. வெள்ளிக்கிழமை சாயங்காலம் கடைக்கே போனேன். புரூஃபை வைத்துக்கொண்டு பேசினால் மறுபடி வாக்குவாதம் ஆகும் என்று முதலில் சும்மா உட்கார்ந்திருந்தேன். டீச்சர் கல்வெட்டைப் பற்றி எழுதியது மனசில் இருந்தது, எங்கே நின்று பார்க்கிறோம் என்பது. கல்லாப் பக்கத்தில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்து பார்த்தேன்.

ஒரு வயசான அம்மா பேத்தியைக் கூட்டிக்கொண்டு வந்தார்கள். நிச்சயதார்த்தப் புடவை. கடைக்காரர் எழுந்து நின்று, "ஆச்சி, உங்க கூறப்புடவயும் இங்கதான எடுத்திய" என்றார். அந்த அம்மா, "என் மகளுக்கும் இங்கதான எடுத்தோம், இவளுக்கும் இங்கதான்" என்றார்கள். பேத்தி புடவையை விரித்துத் தோளில் போட்டுக்கொண்டு கண்ணாடியைப் பார்த்தாள். ஆச்சி முந்தியைக் கையில் வாங்கி, விரல் நுனியால் ஜரிகையைத் தடவிப் பார்த்துவிட்டு, "இது நிக்கும்" என்றார்கள். ஏரல் அண்ணாச்சியின் அப்பா கன்றை அழுத்திப் பார்த்த இடம் எனக்கு ஞாபகம் வந்துவிட்டது.

அவர்கள் போனதும் கடைக்காரரிடம் சொன்னேன். ஐயா, கடையில் நீங்கள் அப்படியேதான் இருக்கிறீர்கள். வாழையடி வாழையாக வருவது உங்கள் வாடிக்கையாளர்கள். அந்தச் சொல்லை எடுக்க வேண்டாம், இடத்தை மட்டும் மாற்றுவோம். அங்கேயே ஒரு துண்டுச் சீட்டில் எழுதிக் காட்டினேன்:

"50 ஆண்டுகளாகத் தொடர்ந்து நடந்துவரும் எங்கள் கடைக்கு, பாட்டி, மகள், பேத்தி என வாழையடி வாழையாக வருகை தரும் உங்கள் குடும்பத்தாரை அன்புடன் அழைக்கிறோம்."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இரண்டு தடவை படித்தார். அப்புறம் உள்ளே வேலை பார்க்கிற பையனைக் கூப்பிட்டு உரக்கப் படிக்கச் சொன்னார். சனிக்கிழமை காலையில் அச்சுக்குப் போய்விட்டது.

கொடை நோட்டீஸ்காரர்களிடமும் பேசினேன். 'வற்றாத அருள்' என்று மாற்றிக்கொண்டார்கள். மழையை எடுத்துவிட்டார்கள்.


களக்காட்டான் (துபாய்)

அடுத்த மாசம் ஊருக்கு வருகிறேன். ஏரல் அண்ணாச்சி, கேட்கலாமா என்று தெரியவில்லை. உங்கள் புறவாசல் தூரில் ஒரு கன்று கிடைக்குமா? என்ன வாழை அது?


ஏரல்காரன்

தாராளமாக வாங்க தம்பி. அதுவும் கோழிக்கூடுதான். இப்போது தூரில் நாலு கன்று நிற்கிறது, ஒன்றை விட்டுவிட்டு மிச்சத்தை எடுக்க வேண்டியதுதான். நீங்கள் வருகிற அன்றைக்குக் காலையில் எடுத்துத் தருகிறேன். வேரைக் கழித்து, கிழங்கில் அழுகல் இருக்கிறதா என்று பார்த்துத் தருவேன். பிளாஸ்டிக் பையில் கட்டி வைக்காதீர்கள், வெந்துபோகும். சாக்கில் சுற்றி நிழலில் வைத்தால் ரெண்டு மூன்று நாள் தாங்கும். குழி ஒன்றரை அடிக்கு எடுத்து வையுங்கள். பாத்திரம் கழுவுகிற தண்ணீர் வந்து விழுகிற இடமாகப் பார்த்துக்கொள்ளுங்கள், சுவரிலிருந்து நாலடி தள்ளி. அது தள்ளித் தள்ளி வரும் என்று சொன்னேனே, அதற்கு இடம் வேண்டும்.